டென்ஸ் அட்டவணை எல்லாம் பாடம், வசனம் மட்டும் வரவில்லை. ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்

பின்னேரவகுப்பு_மிஸ்:

வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். தரம் 8, 9 பிள்ளைகள் 14 பேர் வருகிறார்கள், எல்லாரும் தமிழ்மொழி மூலம் படிக்கிறவர்கள். தரம் 3 இல் இருந்து பாடசாலையில் ஆங்கிலம் ஒரு பாடமாகப் படித்து வருகிறார்கள், அதாவது ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. 12 டென்ஸையும் கட்டம் போட்டுப் பிழையில்லாமல் எழுதுவார்கள். "கோ, வென்ட், கோன்" என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் போன கிழமை "நேற்று என்ன செய்தீர்கள், ஐந்து வரி எழுதுங்கள்" என்று சொன்னேன். வந்தவை இவை, கொப்பியில் இருந்தபடியே தருகிறேன்.

"யெஸ்டர்டே ஐ வாஸ் கோ டு கால்ஃபேஸ்."
"மை மதர் இஸ் குக் ரைஸ்."
"மை ஹவுஸ் இன் ஃபைவ் பீப்பிள்."
"டிட் யூ வென்ட் டு த ஷாப்?"
"யெஸ்டர்டே கேம் பாய் இஸ் மை கசின்."

சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தேன். திருத்தியதைப் பார்த்து அப்படியே எழுதினார்கள், அடுத்த நாள் அதே பிழை மறுபடி வந்தது. பெற்றோரில் பாதிப் பேர் "கிராமரை இன்னும் நல்லாச் சொல்லிக் கொடுங்கள் மிஸ்" என்கிறார்கள், மற்றப் பாதிப் பேர் "கிராமர் வேண்டாம், கதைக்கப் பழக்குங்கள்" என்கிறார்கள். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். பிள்ளைகள் மொக்கு இல்லை, கணக்கில் கெட்டிக்காரர்கள். எங்கேயோ நான் சொல்லிக் கொடுக்கிற முறையில்தான் பிசகு இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழில் விளக்கலாமா, அல்லது முழுக்க ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் தயவு செய்து சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

மகள், அந்த ஐந்து வரியையும் ஆறுதலாக இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். அவை பிழையான ஆங்கிலம் என்பதை விட, சரியான தமிழ் என்று சொல்லலாம். "மை ஹவுஸ் இன் ஃபைவ் பீப்பிள்" என்று எழுதிய பிள்ளை "என் வீட்டில் ஐந்து பேர்" என்று ஒழுங்காக யோசித்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் "இல்" வருகிறது, அதனால் ஹவுஸுக்குப் பின்னால் "இன்" வந்துவிட்டது. "நேற்று வந்த பையன்" தான் "யெஸ்டர்டே கேம் பாய்". நான் 31 வருடம் படிப்பித்தேன், முதல் பத்து வருடம் இதைக் கவனிக்காமல் நானும் சிவப்புப் பேனையோடுதான் திரிந்தேன்.

டென்ஸ் அட்டவணையைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைத்துவிட்டு, அதற்கு முன்னால் ஒன்றே ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். தமிழில் சொல்லின் வாலில் இருக்கிற வேலையை ஆங்கிலத்தில் சொல் நிற்கிற இடம் செய்கிறது. பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை, வேற்றுமை உருபு எல்லாம் படித்துத்தான் இருக்கிறார்கள், அதை ஆங்கில வகுப்பில் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

நான் செய்வது இது. மூன்று பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு மூன்று மட்டைகளைக் கையில் கொடுப்பேன்: நாய், பையனை, கடித்தது. இடம் மாறி நில்லுங்கள் என்பேன். ஆறு விதமாக நிற்கலாம். ஆறிலும் கடி வாங்கியவன் பையன்தான், ஏனென்றால் "ஐ" அவனோடு ஒட்டிக்கொண்டு எங்கே போனாலும் கூடவே போகிறது. போதாததற்கு "கடித்தது" என்ற வினையே கடித்தது மனிதன் இல்லை என்று காட்டிவிடுகிறது, பையன் கடித்திருந்தால் "கடித்தான்" என்று வந்திருக்கும். அப்புறம் "த டாக்", "பிட்", "த பாய்" மட்டைகளைக் கொடுத்து நாயையும் பையனையும் இடம் மாற்றச் சொல்வேன். இப்போது பையன் நாயைக் கடிக்கிறான்! வகுப்பே சிரிக்கும், சிரித்ததை மறக்க மாட்டார்கள். ஏன் இப்படி ஆனது என்று அவர்களையே கேளுங்கள், யாராவது ஒரு பிள்ளை "இங்கிலிஷில் 'ஐ' இல்லை மிஸ்" என்று சொல்லும். அந்தப் பதில் பிள்ளையின் வாயில் இருந்து வரவேண்டும், நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

பெரிய பிள்ளைகள் என்றால் இன்னும் ஒன்று சொல்வேன். பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொல்லுக்கு நம்முடைய வேற்றுமை மாதிரி வால்கள் இருந்தன. 1066 இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே அவை தேயத் தொடங்கிவிட்டன, அதற்குப் பிறகு சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் போயே போய்விட்டன. வால் போன பிறகு யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று காட்ட இடம் ஒன்றுதான் மிச்சம். "ஹீ, ஹிம்" என்பதிலும் "ஷீ, ஹர்" என்பதிலும் அந்தப் பழைய வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது உங்கள் "வாஸ் கோ", "இஸ் குக்". சின்ன வகுப்பில் பிள்ளை முதல் முதல் படிக்கிற வசனங்கள் "மை நேம் இஸ்...", "திஸ் இஸ் எ கேட்" போன்றவை. தமிழில் "என் பெயர் இன்னது", "இது பூனை", நடுவில் ஒன்றுமே இல்லை. ஆகவே இந்த "இஸ்" எதற்கு என்று பிள்ளைக்கு விளங்கவே இல்லை. முதல் சொல்லையும் மிச்சத்தையும் ஒட்டுகிற பசை என்று நினைத்துக்கொண்டு எல்லா வசனத்திலும் தடவுகிறது, நேற்று நடந்ததென்றால் "வாஸ்" என்கிற பசை. இதற்கு நான் சொல்வது, ஒரு வசனத்துக்கு ஒரு வினை போதும். "குக்" என்று ஒரு வேலை வந்துவிட்டால் "இஸ்" வீட்டுக்குப் போகலாம். அது நிற்க வேண்டுமென்றால் குக் தன் உருவத்தை மாற்றி "குக்கிங்" ஆக வேண்டும். "இஸ் குக்ட்" என்று வருகிற இடம் வேறு, செயப்பாட்டுவினையை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

தமிழில் விளக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக விளக்குங்கள்.

வெள்ளவத்தை_அம்மா:

சேர் சொன்னதை மரியாதையோடு வாசித்தேன், ஆனால் எனக்கு முழுதாக உடன்பாடு இல்லை. என் மகன் சர்வதேச பாடசாலையில் படிக்கிறான், வகுப்பில் ஒரு சொல் தமிழ் கிடையாது. எழுவாய், பயனிலை என்று ஒன்றும் அவனுக்குத் தெரியாது, ஆனால் பிழையில்லாமல் கதைக்கிறான், எழுதுகிறான். ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் யோசித்து இடம் மாற்றி ஆங்கிலத்தில் போட்டுக்கொண்டிருந்தால் வாழ்நாள் முழுக்க மொழிபெயர்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். நம்முடைய பிள்ளைகள் தெருவில் சிங்களம் பழகியது எந்த அட்டவணையைப் பார்த்து? காதால் கேட்டு வந்ததுதானே. ஆங்கிலமும் அப்படித்தான் வரவேண்டும் என்பது என் எண்ணம்.

138இல்_போகிறவன்:

அக்கா, அந்தச் சிங்கள உதாரணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நானும் மருதானைப் பக்கம் வளர்ந்தவன், முச்சக்கர வண்டி அண்ணன்மாரிடம் கேட்டுக் கேட்டுத்தான் சிங்களம் பழகினேன். ஆனால் அது ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது? "மம பத் கனவா" என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்தால் "நான் சோறு சாப்பிடுகிறேன்". வினை கடைசியில். கேள்வி கேட்க நாம் கடைசியில் "ஆ" சேர்ப்பது போல அவர்கள் கடைசியில் "த" சேர்க்கிறார்கள். "வீட்டில்" என்பது போல அவர்களுக்கும் இடத்தைக் காட்டுகிற வால் சொல்லுக்குப் பின்னால்தான். நமக்குத் தேவைப்பட்டது புதுச் சொற்கள் மட்டும்தான், வசனத்தின் எலும்புக்கூடு ஏற்கெனவே கையில் இருந்தது. ஆங்கிலத்துக்குப் போகும்போது எலும்புக்கூட்டையே மாற்றிப் பூட்ட வேண்டியிருக்கிறது, அதனால்தான் என்னோடு படித்த சிங்களப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் நாம் தடுக்கிய அதே இடங்களில் தடுக்கினார்கள்.

இன்னும் ஒன்று, உங்கள் மகனுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் ஆங்கிலம் காதில் விழுகிறது. மிஸ்ஸிடம் வருகிற பிள்ளைக்கு 40 நிமிடப் பாடம் ஒன்று, அதிலும் பாதி நேரம் பலகையைப் பார்த்து எழுதுவது. அவ்வளவு கொஞ்சம் கேட்டு எலும்புக்கூட்டைத் தானாகக் கண்டுபிடி என்று சொல்வது அந்தப் பிள்ளைக்கு நியாயம் இல்லை.

கோட்டை_கிளார்க்:

படிப்பிக்கிறவன் இல்லை, பிந்திப் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு 20 வயது. மேலதிகாரி "டிட் யூ செண்ட் த லெட்டர்?" என்று கேட்டார், நான் "யெஸ் சேர், ஐ டிட் சென்ட்" என்றேன், "செண்ட்" என்று வரவேண்டிய இடத்தில் இறந்தகால "சென்ட்". நாலு பேருக்கு முன்னால் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினார். அதற்குப் பிறகு ஆறேழு மாதம் "யெஸ்", "நோ" தவிர நான் ஒன்றும் பேசவில்லை. ஆகவே மிஸ், பிழை விடுகிற பிள்ளையைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாய் கடித்த வசனத்துக்குச் சிரிப்பது வேறு, பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது வேறு.

என்னைக் காப்பாற்றியது வாசிப்புத்தான். ஆனால் வாசிப்பதற்கும் ஒரு வழி தெரிய வேண்டியிருந்தது. தமிழ் வாசிக்கிறவன் கடைசிச் சொல் வரைக்கும் பொறுமையாகப் போவான், ஏனென்றால் முடிச்சு அங்கேதான் அவிழும், "வரவில்லை" என்பதா "வந்தது" என்பதா என்று வசனம் முடிகிற இடத்தில்தான் தெரியும். அதே பழக்கத்தோடு ஆங்கிலக் கடிதத்தைத் திறந்தால், வினை எப்போதோ வந்து போயிருக்கும், நான் கடைசியில் போய் நின்று எதையோ தேடிக்கொண்டிருப்பேன்.

இந்த மாதிரி ஒரு வரி என்று வையுங்கள்: "த லெட்டர் யூ சென்ட் அஸ் லாஸ்ட் வீக் ஹேஸ் நாட் ரீச்ட் த அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்." நமக்கு இது "போன வாரம் நீங்கள் எங்களுக்கு அனுப்பிய கடிதம் கணக்குப் பிரிவுக்கு வந்து சேரவில்லை". தமிழில் கடிதத்தைப் பற்றிய விவரம் முழுக்கக் கடிதத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் கடிதம் முதலில் வந்துவிட்டு, எந்தக் கடிதம் என்பது அதன் பின்னால் தொங்குகிறது. இதை நானாகக் கண்டுபிடித்த அன்று பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நீளமான வசனம் எது வந்தாலும் பென்சிலை எடுத்து அந்தத் தொங்குகிற துண்டின் மேல் மெல்லிய கோடு போடுவேன். "யூ சென்ட் அஸ் லாஸ்ட் வீக்" என்பதை அடித்துவிட்டால் மிச்சம் "த லெட்டர் ஹேஸ் நாட் ரீச்ட்". அடித்த பிறகும் நிற்கிற வினைதான் தலைமை வினை.

உங்கள் "யெஸ்டர்டே கேம் பாய்" பிள்ளைக்கு இதைத்தான் காட்ட வேண்டும். "த பாய்" முதலில், எந்தப் பாய் என்பது பிறகு: "த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே". தமிழில் பெயருக்கு முன்னால் எழுதிப் பழகியதைப் பெயருக்குப் பின்னால் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்னேரவகுப்பு_மிஸ்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கோட்டை அண்ணன், உங்களுக்கு நடந்ததை வாசித்துக் கவலையாக இருந்தது. அந்த "டிட் சென்ட்" பிழை என் வகுப்பில் 14 பேரிடமும் இருக்கிறது. "டிட் வந்தால் வினை முதல் வடிவத்துக்குப் போகும்" என்று விதியாகச் சொல்லிவிட்டேன், பாடமாக்கியும் விட்டார்கள், ஆனால் எழுதும்போது வருவதில்லை. சேர், இதற்கும் தமிழில் ஏதாவது பிடி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

இருக்கிறது மகள், அதுவும் பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது. "நேற்றுக் கடைக்குப் போனாயா?" என்று ஒரு பிள்ளையைக் கேளுங்கள். "போகவில்லை" என்று சொல்லும். அதைப் பலகையில் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: போக, இல்லை. "போனேன்" என்பதில் காலம் இருந்தது, ஆள் இருந்தது. "இல்லை" வந்தவுடன் இரண்டும் கழன்று, வெறும் "போக" ஆகிவிட்டது. நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை, எல்லாருக்கும் ஒரே "போக". அன்றாடப் பேச்சில் எந்தப் பிள்ளையும் "போனேன் இல்லை" என்று சொல்வதில்லை. "டிட் நாட் கோ" என்பதும் இதேதான். காலத்தை "டிட்" தூக்கிக்கொண்டது, "கோ" வெறுங்கையோடு நிற்கிறது. "டஸ்" வந்தால் "கோஸ்" என்பதன் கடைசி "ஸ்" கழன்று டஸ்ஸோடு போய்விடும். ஒரு சுமையை இரண்டு பேர் தலையில் வைக்கத் தேவையில்லை என்று சொல்லுங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

இதைச் சொல்லிவிட்டு அதே நாளில் வாயால் 20, 30 தடவை கேட்டுப் பதில் சொல்ல வையுங்கள். "டிட் யூ ஈட்?", "டிட் யூ ஸ்லீப்?", "டிட் யூ சீ த டிரெய்ன்?" என்று வேகமாக, ஒருவர் மாறி ஒருவர். வெள்ளவத்தை அம்மா சொன்னதில் இந்தப் பகுதி முழுக்க உண்மை, காதிலும் நாக்கிலும் ஏறாத இலக்கணம் கொப்பியில்தான் இருக்கும். விளக்கம் ஐந்து நிமிடம், மிச்சம் எல்லாம் பிள்ளைகள் பேசுகிற நேரம்.

"எ", "த" பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கதை சொல்லச் சொல்லுங்கள். "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு..." என்றுதானே தொடங்குவார்கள்? முதல் தடவை "ஒரு", தெரிந்த பிறகு "அந்த". எல்லா இடத்துக்கும் இது போதாது, தொடங்குவதற்குப் போதும்.

வெள்ளவத்தை_அம்மா:

"போகவில்லை" விளக்கம் எனக்கே புதிது சேர். 38 வருடமாகச் சொல்லி வருகிற சொல், ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. மகனிடம் "போகவில்லை" என்பதில் காலம் எங்கே என்று கேட்டேன், அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்குத் தமிழ் இலக்கணம் யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. மிஸ், சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டி வரலாமா? உங்கள் பிள்ளைகளோடு அவன் ஆங்கிலத்தில் பேசட்டும், அவர்கள் அவனுக்கு எழுவாய், பயனிலை காட்டட்டும்.

பின்னேரவகுப்பு_மிஸ்:

கட்டாயம் கூட்டி வாருங்கள் அக்கா, 3 மணிக்குத் தொடங்குவோம்.

நேற்று மட்டை விளையாட்டைச் செய்தேன். பிரிஸ்டல் போர்ட் இரண்டு வாங்கி வெட்டினோம். பையன் நாயைக் கடித்தவுடன் தரம் 8 பிள்ளை ஒன்று "மிஸ், அப்போ இங்கிலிஷில் கதிரைதான் முக்கியம், ஆள் இல்லை" என்று சொன்னது. அதையே பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். பிறகு ஐந்து கதிரைகளை வரிசையாகப் போட்டு, யார், செய்தது, எதை, எங்கே, எப்போது என்று ஒட்டினோம். "ஐ வென்ட் டு கால்ஃபேஸ் யெஸ்டர்டே" என்று நான் வாய் திறக்காமலே உட்கார்ந்தார்கள். வாஸுக்கு உட்காரக் கதிரை இல்லை என்று அவர்களே அந்த மட்டையைக் கீழே வைத்தார்கள்.

"மை ஹவுஸ் இன்" எழுதிய பிள்ளை இப்போது "ஃபைவ் பீப்பிள் இன் மை ஹவுஸ்" என்கிறது. இன் முன்னுக்கு வந்துவிட்டது. நான் "தேர் ஆர் ஃபைவ் பீப்பிள் இன் மை ஹவுஸ்" என்று சொன்னேன். உடனே "மிஸ், தேர் என்றால் அங்கே, நான் என் வீட்டைச் சொல்கிறேன், அங்கே எங்கிருந்து வந்தது?" என்று கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்று விட்டேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

நல்ல கேள்வி, அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பதில் உங்கள் கதிரையிலேயே இருக்கிறது. தமிழில் "போனேன்" என்றால் போதும், "நான்" இல்லாமலே ஆள் தெரியும். ஆங்கிலத்தில் "வென்ட்" என்பது எனக்கும் உனக்கும் அவருக்கும் ஒரே வென்ட், ஆகவே சாதாரண வசனத்தில் முதல் கதிரையில் யாராவது இருந்தே ஆக வேண்டும். சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் கதிரையை வெறுமையாக விட மாட்டார்கள், ஒரு பொம்மையையாவது உட்கார வைப்பார்கள். "இட் இஸ் ரெய்னிங்" என்பதில் "இட்" யார்? யாரும் இல்லை. நமக்கு மழை பெய்கிறது, மழைதான் எழுவாய். அவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு "இட்". அதே மாதிரித்தான் உங்கள் "தேர்". அங்கே என்ற பொருள் அதில் இல்லை, இடம் பிடிக்க உட்கார்ந்திருக்கிறது. அங்கே என்ற பொருளில் வரும் தேர் வேறு, அதைச் சொல்லும்போது குரலை அழுத்திச் சொல்வார்கள், இதை அழுத்துவதில்லை. இரண்டையும் வாயால் சொல்லிக் காட்டுங்கள்.

நாளைக்கு முதல் கதிரையில் ஒரு தலையணையை வைத்து, அதன் மேல் "தேர்" மட்டையை ஒட்டிவிடுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையே எழும்பி மிச்ச நாலு பேரையும் உட்கார வைக்கட்டும்.